ஆரோக்கியமான நாற்பது பேர்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் ரோட்டில், மூன்றாவது வளைவு தாண்டியதும் ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. ஊவா நோயெதிர்ப்பு ஆராய்ச்சி நிலையம் என்று மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். பதினோரு வருடமாக அது அங்கே இருக்கிறது. அதைத் தவிர வேறென்ன செய்தது என்று கேட்டால், கேட்டவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். குழுக்கள் உண்டு, உபகுழுக்கள் உண்டு, வருடா வருடம் ஆண்டு விழா உண்டு. நிலையத்தை ஸ்தாபித்த டொக்டர் மரியநாயகத்தின் படத்துக்கு அன்றைக்கு மாலை போடுவார்கள். அவர் உயிரோடுதான் இருக்கிறார், பணிப்பாளரும் அவர்தான். தன் படத்துக்குத் தானே மாலை போட்டுவிட்டு, இரண்டடி பின்னால் நின்று ஒரு நிமிடம் கண்ணை மூடுவார். சரி, அது அவர் பாடு.

அங்கேதான் கிருஷ்ணராஜ் ஆய்வுகூட உதவியாளனாக இருந்தான். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில், மேக்கணக்கு என்னும் மேல் பிரிவில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். அவனுக்கு மூத்தவள் மாரியாயி இன்னும் அதே லயத்தில், அதே மலையில் கொழுந்து பறிக்கிறாள். இவனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தை மாதம் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். எந்த வருடத்துத் தை என்று அவர்களும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் அடித்து, லயத்துப் பின்பக்க வடிகால் கான்கள் நிரம்பி, எலிகளெல்லாம் மனிதரோடு குடித்தனம் நடத்த வந்துவிட்டன. தோட்டப் பக்கம் எலிக்காய்ச்சல் என்று பேச்சு அடிபட்டது. நிலையத்துக்கு ஒரு சோதனை செய்யும் வாய்ப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சலோடு படுத்திருக்கும் நாற்பது பேரின் இரத்தம், ஆரோக்கியமான நாற்பது பேரின் இரத்தம், இரண்டையும் தட்டில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில் விட்டு, மேலே ரீஏஜன்ட் என்கிற சோதனைத் திரவத்தை விட வேண்டும். காய்ச்சல் கண்டவர்களின் குழி மஞ்சளாகும். மற்றக் குழிகள் நிறமில்லாமல் வெறும் தண்ணீராக நிற்கும். அவ்வளவுதான் சங்கதி.

ஆரோக்கியமானவர்களை எங்கே பிடிப்பது? பணிப்பாளர் தோட்டத்துக்குக் கடிதம் எழுதினார். 'தங்கள் தோட்டத்திலிருந்து ஆரோக்கியமான நாற்பது பேரை ஒழுங்குசெய்து தரவும்.' தோட்டத்திலிருந்து பதில் வந்தது. 'காலையில் பெரட்டுக்கு வருபவர்கள் யாவரும் ஆரோக்கியமானவர்கள். ஆரோக்கியம் இல்லாதவர்கள் பெரட்டுக்கு வருவதில்லை. வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம்.'

இந்தப் பதிலைப் படித்துவிட்டுப் பணிப்பாளர் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா கிருஷ்ணராஜ், எவ்வளவு விஞ்ஞானபூர்வமான பதில்!"

பெரட்டு என்பது வேலைக்குப் பேர் கொடுக்கும் வரிசை. அன்றைக்கு மழைத் தூறலில், கணக்கப்பிள்ளை கணபதி வரிசையில் முன்னால் நின்ற நாற்பது பேரை எண்ணி, "நீங்கள்லாம் ஆரோக்கியம், இந்தப் பக்கம் வாங்க. மிச்சப் பேர் மலைக்குப் போங்க" என்றார். இரத்தம் எடுத்தவன் கிருஷ்ணராஜ். பதினேழாவதாக வந்து கையை நீட்டியது மாரியாயி. கையைத் தொட்டதுமே அவனுக்குச் சுருக்கென்றது. அடுப்புப் போலக் கொதித்தது.

"என்னாக்கா இது, காய்ச்சலா?"

"மெல்லமாப் பேசுடா. ரெண்டு பெனடோலப் போட்டுட்டுத்தான் வந்தேன். கணக்கப்பிள்ளை காதுல விழுந்தா வீட்டுக்குப் போன்னுருவாரு, இன்னைக்குச் சம்பளம் போச்சு. எடுக்குறத எடுத்துட்டு விடு."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் இப்புடித்தான். லயமே கொதிக்குது. யாரு ஒத்துக்குவா?"

தம்பி என்ன செய்வான்? எடுப்பதை எடுத்துக்கொண்டு, போத்தலில் 'ஆ-17' என்று எழுதினான். ஆ என்றால் ஆரோக்கியம்.

தட்டு போட்ட நாளில் பார்க்க வேண்டுமே! நோயாளிகளின் நாற்பது குழியும் மஞ்சள். அது சரி. ஆரோக்கியமான நாற்பதில் முப்பத்தொன்று மஞ்சள். பதினேழாம் குழி, ஆஸ்பத்திரிக் குழிகளையே வெட்கப்படுத்துகிற மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. கிருஷ்ணராஜ் தட்டைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளரின் அறைக்கு ஓடினான்.

பணிப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சோதனை தோத்துப் போச்சு."

"இல்லங்க சேர். ஒருவேளை அவங்களுக்கு உண்மையாவே..."

"கிருஷ்ணராஜ், ஒரு விஞ்ஞானி மொதல்ல எதைச் சந்தேகப்படணும்? வெளியில இருந்து வந்ததை. ரீஏஜன்ட் வெளியில இருந்து வந்தது. நான் உள்ளதான் இருக்கேன்."

"அவங்களுக்குக் காய்ச்சல் இருந்துச்சுங்க சேர். ஒரு வார்த்தை போய்க் கேட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்."

"கேக்கறதா?" பணிப்பாளருக்கு அதிர்ச்சி. "ஆரோக்கியமானவங்ககிட்டப் போய்க் காய்ச்சல் இருந்ததான்னு கேட்டா, இருந்ததுன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் என் ஆய்வு என்னாகிறது?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்துக்கு விசாரணையே வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் கிருஷ்ணராஜ் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தான். கழுவுகிற தண்ணீரை மாற்றினான், புதுத் தட்டு எடுத்தான், ஒவ்வொரு குழியையும் ஐந்து தடவை கழுவினான். கடைசியாக, எட்டுக் குழியில் இரத்தமே இல்லாமல் வெறும் தண்ணீரை விட்டு, அதே ரீஏஜன்டை ஊற்றினான். ரீஏஜன்ட் கெட்டிருந்தால் அவையும் மஞ்சளாக வேண்டும். எட்டும் பளிங்கு மாதிரித் தெளிவாக நின்றன. அதையும் கொண்டுபோய்க் காட்டினான்.

"தண்ணி ஆய்வுல பங்கெடுக்கச் சம்மதக் கடிதம் குடுத்திருக்கா?" என்றார் பணிப்பாளர். "குடுக்கல்ல. அப்ப அதோட முடிவை நாங்க எடுத்துக்க ஏலாது. இதெல்லாம் ஒழுக்க நெறி, கிருஷ்ணராஜ். உங்களுக்கு நிரந்தரமாகணும்னா படிச்சுக்கொள்ளணும்."

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் கிருஷ்ணராஜின் வாய் தானாக மூடிக்கொண்டது. அதற்காகத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள்.

ரீஏஜன்ட் தூய்மை விசாரணைக் குழு அடுத்த புதன்கிழமை கூடியது. குழுவில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் பணிப்பாளரே: தலைவராக ஒருவர், நிபுணராக ஒருவர், நிலையத்தின் பிரதிநிதியாக ஒருவர். தேத்தண்ணி ஐந்து கோப்பை வந்தது. மூன்றை அவரே குடித்தார். குற்றம் சாட்டப்பட்ட போத்தல் மேசை நடுவில், ஒரு பீங்கான் தட்டில் நின்றது. அது பேசாது என்பதால், அதன் சார்பில் களஞ்சியப் பொறுப்பாளர் ஸிஹாமா நிறுத்தப்பட்டாள்.

"சேர், இது குளிர்பெட்டியில இரிக்க வேண்டிய சாமான்" என்றாள் அவள். "அரை மணித்தியாலத்துக்கு மேல வெளிய வெக்க ஏலாது."

"விசாரணை முடியற வரைக்கும் குற்றவாளி சபையில இருக்கணும். அதுதான் நீதி" என்றார் தலைவர். நிபுணரும் அதை ஆமோதித்தார்.

தலைவர் உரை ஐம்பது நிமிடம். நிபுணர் உரை நாற்பது நிமிடம். நடுவில் மின்சாரம் போய், வந்து, ஒலிவாங்கி கீச்சிட்டு, மறுபடியும் முதலிலிருந்து. ஸிஹாமா நின்றபடியே கடிகாரத்தையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று மணித்தியாலம் கழித்து, கிருஷ்ணராஜின் காதருகே வந்து, "என்ட அல்லாஹ்வே, இப்பதான் தம்பி இது சரியாக் கெட்டுப் போயிரிக்கும்" என்றாள்.

சொன்ன மாதிரியே ஆயிற்று. மறுநாள் அந்தப் போத்தலைச் சோதித்தார்கள். நோயாளிகளின் குழியிலும் நிறம் வரவில்லை. அசுத்தம் நிரூபணம் என்று அறுபத்து நான்கு பக்க அறிக்கை எழுதினார்கள். விசாரணைக்கு முன்னால் அது எப்படியோ, விசாரணைக்குப் பின்னால் குற்றவாளியேதான்.

புதுப் போத்தல் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தது. இந்த முறை எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று, நாலு மதப் பெரியவர்களையும் கூப்பிட்டு ஆசி வாங்கினார்கள். பிக்கு பிரித் ஓதினார், குருக்கள் கற்பூரம் காட்டினார், பாதிரியார் ஜெபித்தார், மௌலவி துஆ செய்தார். நாலு பேரும் பொறுமைசாலிகள். எதற்கு ஆசி கேட்கிறார்கள் என்று கடைசிவரைக்கும் கேட்கவில்லை. போத்தல் கழுத்தில் பிக்கு கட்டிய நூலை அவிழ்க்கப் பணிப்பாளர் விடாததால், அது குளிர்பெட்டியில் தன் இடத்தில் உட்கார மறுத்தது. ஸிஹாமா அதை வெண்ணெய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

மறுபடி தட்டு போட்டான் கிருஷ்ணராஜ். அதே முப்பத்தொரு குழி. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. பதினேழு அதே மஞ்சள்.

பணிப்பாளர் நெடுநேரம் யோசித்தார். முகத்தில் ஒரு பயபக்தியே வந்துவிட்டது. "ரெண்டு போத்தலும் ஒரே முப்பத்தொரு குழியைத் தேடிப் பிடிச்சுக் கெடுக்குதுன்னா, இது சாதாரண அசுத்தமில்ல கிருஷ்ணராஜ். திட்டமிட்ட அசுத்தம்."

இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டியிருந்தது. ஆய்வில் பங்குகொண்ட ஆரோக்கியமானவர்களைக் கௌரவித்தால் என்ன என்று பணிப்பாளருக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமே. நாற்பது சான்றிதழ் அச்சாயிற்று. தங்க நிற ஓரம், நிலையத்தின் முத்திரை, 'இவர் பூரண ஆரோக்கியமானவர் என்று இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது.' தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பந்தல். காலை ஏழு மணிக்கு நிறுத்திய நாற்பது பேரிடம் பணிப்பாளர் பத்தரைக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் மூன்று பேர் குந்திவிட்டார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். வெயிலுக்கு என்றார் கணக்கப்பிள்ளை. வெயிலே இல்லை.

"என் அன்பான ஆரோக்கியமானவர்களே!" என்று தொடங்கினார் பணிப்பாளர். "எங்களுடைய சோதனை உங்களை நோயாளிகள் என்று சொல்லியது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! நாங்கள் நம்பினோமா? நம்பவில்லை. சோதனையை விட நாங்கள் உங்களை நம்பினோம். உண்மை எங்களை எவ்வளவு வற்புறுத்தினாலும், இந்த நிலையம் தன் நிலையிலிருந்து இறங்காது!"

கைதட்டினார்கள். தட்டச் சொன்னால் தட்டுகிறவர்கள்தானே. மாரியாயி சான்றிதழை வாங்கும்போது கிருஷ்ணராஜ் அவள் முகத்தைப் பக்கத்தில் பார்த்தான். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள் கண்டிருந்தது. கையால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவனுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு படத்துக்கு நின்றான்.

விழா முடிந்ததும் லயத்துக்குப் போனான். மாரியாயி தன் ஒற்றை அறைக் காம்பராவில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"வாக்கா, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம். இது எலிக்காய்ச்சல். விட்டா கிட்னிக்கு எறங்கிரும். என் கண்ணால பாத்தேன்."

"நான் மாட்டேன்னா சொல்றேன்? நோயின்னு துண்டு எழுதித் தரணுமேடா. நேத்து கணக்கப்பிள்ளைகிட்டத் துண்டு கேட்டேன். நாளைக்கு ஒனக்குச் சான்றிதழ் வருது, இன்னைக்கு வந்து நோயின்னு நிக்கிறியே, வெக்கமா இல்லியான்னு கேக்குறாரு."

"துண்டு இல்லாட்டி என்னா? நம்மளாப் போவோம்."

"துண்டு இல்லாம மூணு நாள் நின்னா பேர வெட்டிருவாங்க. பக்கத்துக் காம்பராக் கருப்பம்மாவுக்கு வெட்டுனாங்கள்ல? பேரு போனா காம்பராவும் போச்சு. எங்கடா போய் இருப்பேன், ஒன் ஆபீசுலயா?"

கிருஷ்ணராஜ் கணக்கப்பிள்ளையைத் தேடிப் போனான். கணபதி கெட்ட மனிதரில்லை. சான்றிதழ்களின் பிரதியைப் பெரட்டுக் கொட்டகையில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, நான் என்னா பண்றது? எனக்கும் மேல தொரை இருக்காரு. ஒங்க நிலையமே முத்திரை குத்தி ஆரோக்கியம்னு குடுத்திருக்கு. அதுக்கு மேல நான் துண்டு எழுதுனா, படிச்சவங்களவிட எனக்குத் தெரியுமான்னு கேப்பாங்க. நோயின்னு ஒங்க ஆபீசுலேருந்து ஒரு கடுதாசி கொண்டாங்க, இந்தா இப்பவே எழுதித் தர்றேன்."

ஆக, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுமல்லாமல், அந்தச் சோற்றை அவளுக்கே ஊட்டியும் விட்டார்கள். கிருஷ்ணராஜ் பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். களைப்பென்றால் அப்படியொரு களைப்பு. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் ஸிஹாமா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "சோதனை தோத்ததுக்கு இதை நிரப்பணுமாம். ஒண்டுக்கு மட்டும் சரி போட்டா போதும்."

தவறுக்கான காரணம் என்று போட்டு நாலு கட்டம் இருந்தது. ரீஏஜன்ட். இயந்திரம். மின்சாரம். ஊழியர். ஆட்களுக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்பதற்குக் கட்டம் இல்லை. கிருஷ்ணராஜ் பின்பக்கத்தைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருந்த விதிகளை வாசித்தான். முதல் மூன்று காரணமென்றால் விஷயம் நிலையத்துக்குள்ளேயே குழுவுக்குப் போகும். நாலாவது என்றால், 'ஊழியரின் தவறு நிலையத்தின் நற்பெயரைப் பாதிக்காதிருக்கும் பொருட்டு, மாதிரிகள் யாவும் அன்றே கொழும்பு ஆய்வுகூடத்துக்கு மறுசோதனைக்கு அனுப்பப்பட்டு, முடிவு பிரதேச சுகாதாரப் பணிமனைக்கும் அறிவிக்கப்படும்.'

"இந்த நாலாவது கட்டத்துல யாராவது சரி போட்டிருக்காங்களா?"

"பதினொரு வருஷமா ஒருத்தரும் இல்ல" என்றாள் ஸிஹாமா. "ஆருக்குப் பைத்தியம்? போட்டா வேலை போயிடும்."

அவன் பேனாவை எடுத்தான். தை மாதம், நிரந்தரம், பதுளையில் பார்த்து வைத்திருந்த வாடகை அறை, எல்லாம் ஒரு தடவை கண்ணுக்கு முன்னால் வந்து போயின. நாலாவது கட்டத்தில் சரி போட்டு, கீழே 'ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தை நான் கவனக்குறைவாகக் கையாண்டேன்' என்று பொய்யை எழுதிக் கையெழுத்து வைத்தான். அந்த நிலையத்தில் அதுவரை எழுதப்பட்ட காகிதங்களில் பிரயோசனமான காகிதம் அது ஒன்றுதான்.

பணிப்பாளர் அதை வாசித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நான் அப்பவே நினைச்சேன், ஒரு மனுஷனோட கை இருக்கும்னு. திட்டமிட்ட அசுத்தம்னு சொன்னேன்ல?" எழுந்து வந்து கையைக்கூடக் குலுக்கினார். "உங்க நேர்மையை மெச்சுறேன், கிருஷ்ணராஜ். விசாரணை உண்டு." அன்று மத்தியானமே மாதிரிகள் ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போயின. ஸிஹாமா வழியில் யாரும் உரை நிகழ்த்திவிடாமல் தானே ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றினாள்.

நாலாம் நாள் முடிவு வந்தது. நாற்பதில் முப்பத்தொரு பேருக்கு எலிக்காய்ச்சல். பிரதி கையில் கிடைத்த அன்றைக்கே சுகாதாரப் பணிமனை ஜீப் மடுல்சீமைக்கு ஏறியது. பெரட்டுக் களத்தில், அந்தப் பந்தல் கம்புகள் இன்னும் பிடுங்காமல் நிற்க, நாற்பது பேருக்கும் மிச்ச லயத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கான் வெட்டச் சொல்லித் தோட்டத்துக்கு உத்தரவு போனது. எழுந்து நிற்க முடியாத ஆறு பேரை அந்த ஜீப்பிலேயே பதுளைக்கு ஏற்றினார்கள். மாரியாயி அதில் ஒருத்தி. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கையை விரித்திருப்போம் என்று வார்ட்டு டொக்டர் கிருஷ்ணராஜிடம் சொன்னார். ஏன் இவ்வளவு நாள் கொண்டுவரவில்லை என்று அவனைத் திட்டவும் செய்தார். அதையும் வாங்கிக்கொண்டான்.

அவளைச் சேர்த்த ஐந்தாம் நாள் பார்வையாளர் நேரத்தில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, மாரியாயி சேலைன் ஏறிய கையை அசைக்காமல் கண்ணைத் திறந்தாள். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"என்னாடா, வேலை நாள்ல வந்து நிக்கிற?"

"வேலை போச்சுக்கா." சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுத்தான். நிலையத்தின் முத்திரை, தங்க நிற ஓரம். சான்றிதழுக்கு அடித்ததில் மிச்சமான தாள்.

"வாசி. என்னான்னுதான் எழுதியிருக்காங்கன்னு கேப்போம்."

வாசித்தான். "தங்களது பாரதூரமான தவறின் விளைவாக, இந்நிலையத்தால் பூரண ஆரோக்கியமானவர்கள் என உறுதிப்படுத்தப்பட்ட முப்பத்தொரு நபர்கள் நோயாளிகளாகியுள்ளனர். அவர்களது பெயர்கள் பின்வருமாறு. ஆகவே தாங்கள் இன்றுமுதல் சேவையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்."

"பாவிப் பயலுக" என்றாள். பிறகு, "எனக்காகவா தப்ப ஒன் தலைல போட்டுக்கிட்ட?" என்று கேட்டாள்.

"எல்லாருக்காகவுந்தான்."

"பொய் சொல்லாத." அவள் தலையணையில் முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று, "அந்தப் பேர் வரிசையில எம் பேரு இருக்கா?" என்றாள்.

"இருக்குக்கா. மொதப் பக்கத்துலயே இருக்கு."

"நோயாளின்னா போட்டிருக்கு? முத்திரையோட?"

"முத்திரையோடதான்."

"அப்ப அதை இங்க குடு" என்று நல்ல கையை நீட்டினாள் மாரியாயி. "கணக்கப்பிள்ளைகிட்டக் காட்டணும். நோயின்னு ஒங்க ஆபீசுலேருந்து கடுதாசி கொண்டாந்தாத்தான் துண்டு தருவேன்னாரு." கடிதத்தை வாங்கி நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அதன்மேல் தலையைச் சாய்த்து, கண்ணை மூடித் தூங்கிப் போனாள்.